சூடு ஆறாத மடிக்கணினி

வாடகைக்குப் போய்த் திரும்பி வந்த முந்நூறு மடிக்கணினிகளையும் லாரியிலிருந்து நான்தான் இறக்கினேன். எல்லாம் கல் மாதிரி குளிர்ந்து கிடந்தன. கடைசிப் பெட்டியில் இருந்தது மட்டும் சூடாக இருந்தது.

"முட்டை கிட்டை போட்டிருக்காண்ணே?" என்று மெர்லின் சிரித்தாள். வந்ததைப் பரிசோதித்துக் கணினிப் பட்டியலில் ஏற்றும் வேலைக்கு அவள் சேர்ந்து இருபது நாள்தான். பட்டியலில் ஒன்று குறைந்தாலும் அவளை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

மூடியைத் திறந்தோம். கறுப்புத் திரையில் ஒரு பச்சைப் புள்ளி மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. கீழே பேனாவால் எழுதி ஒட்டிய சீட்டு. எழுத்துக் கூட்டி நானே படித்தேன்: தயவுசெய்து அணைக்காதீர்கள். நாற்பது வயதுக்கு மேல் படிக்கக் கற்றவன் நான். எழுத்து என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

மெர்லின் ஏதோ தட்டிப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோனது. "மூணு வருஷமா ஒரு நிமிஷம்கூட அணைக்கலண்ணே. லாரியில நாலு நாள் சார்ஜே இல்லாம வந்திருக்கு. எப்படி ஓடுது?"

அணைத்து, உள்ளே இருப்பதை அழித்தால்தான் பட்டியலில் ஏறும். அவள் விரல் பொத்தான்மேல் போய் நின்றது.

"பாப்பா," என்றேன். அந்தச் சீட்டின்மேல் விரலை வைத்தேன்.

உள்ளேயிருந்து மேலாளர் கேட்டார்: "முந்நூறும் சரியா இருக்கா?"

மெர்லின் விரலை எடுத்தாள். "ஒண்ணு வரல சார்."

நான் அதை இரண்டு கையாலும் எடுத்தேன். எத்தனையோ லாரிச் சுமை இறக்கியவன், இதை எங்கே இறக்குவதென்று தெரியாமல் நின்றேன்.