வளையாத ஃபோர்க்

“மறுபடியும் கம்பத்துல உட்டுட்டனுங்க பாய்!” சைக்கிளை அய்யூப் பாயின் ரிப்பேர் கடையில் சாய்த்தேன்.

“நம்ம நெருப்பெரிச்சல் ஊருக் கம்பத்துக்கெல்லாம் உங்க மேல என்னங்கண்ணா அப்படியொரு பாசம்? இந்தவாட்டி முன்சக்கரத்துக்குக் குரோமோலி ஸ்டீல் ஃபோர்க் போட்டுடறேன். குரோமியம், மாலிப்டினம் கலந்தது. லேசுல வளையாது.”

“வேண்டாமுங்க. வளையற சாதா ஸ்டீலே போதும்.”

பாய் ஃபோர்க்கைக் கழற்றிப் பார்த்தார். “கம்பத்துல இடிச்சா பின்னாலதானுங்க வளையும். இது முன்னால வளைஞ்சிருக்குது. வீட்டு கேட் இடுக்குல வச்சு நீங்களே நெம்புனீங்களா?”

சிரித்து மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. மனைவி இறந்தபின் வீட்டில் என்னிடம் சத்தம் போடுவது குக்கர் மட்டும்தான்.

“வளையாததை மாட்டிட்டா, என்ன சாக்குச் சொல்லிட்டுங்க இங்க வாரது?”

பாய் குரோமோலியையே எடுத்தார்.

“சாக்கு எதுக்குங்கண்ணா? நாளைக்குச் சும்மாவே வாங்க. நானும் டீயைத் தனியாத்தான் குடிக்கறேன்.”