காலுக்கு வரி

மின்வண்டிகளுக்குத் தூரக் கணக்கில் சாலை வரி விதிக்கத் தொடங்கியிருந்த வாரத்தில், போக்குவரத்து ஆய்வாளர் நல்லதம்பியின் மேசை முன்னால் ஒரு பெண் பேட்டரி சக்கர நாற்காலியில் வந்து நின்று, தனக்கும் வரி போடச் சொன்னாள். பெயர் எஸ்தர், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தையல் கடை வைத்திருந்தாள். "இது வண்டி இல்லம்மா, உங்களுக்குக் கால் மாதிரி. காலுக்கு யாராவது வரி போடுவாங்களா?" என்றார் அவர். "பள்ளத்துல கவுந்து தோள்பட்டை ஒடஞ்சு கெடந்தேன் சார். பள்ளத்த மூடுங்கன்னு நகராட்சியில கேட்டா, பெட்ரோல் போடுறவங்க வரியில போட்ட ரோடு, ஓசியில போறவங்க பாத்துத்தான் போகணும்ங்கிறாங்க. இனிமே அந்தப் பேச்சு வரக் கூடாது. போடுங்க." நல்லதம்பி குழம்பிப்போனார். வரி போட்டால் பாவம் என்றிருந்தது. போடாவிட்டால் சாலையே அவளுக்கு இல்லை என்று தானே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிடும் என்றும் இருந்தது. எதற்கும் ஓட்டிக் காட்டுங்கள் என்று சொல்லி, அவள் பின்னாலேயே சாலையில் இறங்கி நடந்தார். பள்ளங்களைச் சுற்றிச் சுற்றிப் போனதில் அவள் நடுச்சாலைக்கே வந்துவிட்டாள். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கியது. "டீசலுக்கு வரி கட்டுறவன் வர்றேன், ஒதுங்குங்கய்யா!" என்று ஓட்டுநர் கத்தினார். எஸ்தர் நாற்காலியை நிறுத்தி, திரும்பி ஆய்வாளரின் முகத்தைப் பார்த்தாள். நல்லதம்பியின் கை தானாக உயர்ந்தது. லாரியை நிற்கச் சொல்வதா, அவளை ஒதுங்கச் சொல்வதா என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை.