மூக்குக்குப் போன கை

புதுமனை புகுவிழாவுக்கு வந்த செல்லையனின் கையைக் குலுக்கிவிட்டு, தணிகாசலம் அந்தக் கையைத் தன் மூக்கருகே கொண்டுபோனார். ஏனென்று அவருக்கே தெரியவில்லை. ஆளை அறிய மிருகம் மூக்கை நீட்டுவதுபோல் அது தானாகப் போயிற்று. நிமிர்ந்தபோது செல்லையன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆலையில் இருவரும் ‘டா’ போட்டுப் பேசி, ஒரே தூக்குப்போசியில் சோறு தின்றவர்கள். செல்லையனின் சாதியில் ஒருவர் இந்தத் தெருவுக்கு விருந்தாளியாக வருவது இதுவே முதல்முறை. வற்புறுத்தி அழைத்தவர் தணிகாசலம்தான். “வீடு நல்லாருக்குடா,” என்று சொல்லிவிட்டுச் செல்லையன் உள்ளே போய் உட்கார்ந்தார். கையை முகர்வது தன் வழக்கம் என்று எப்படியாவது காட்டிவிட வேண்டும் என்று தணிகாசலம் தவித்தார். அதன்பின் வந்த பங்காளி, கொத்தனார், வங்கி மேலாளர் என எல்லார் கையையும் வலியப் பிடித்துக் குலுக்கி, செல்லையன் பக்கம் திரும்பி நின்று உள்ளங்கையை முகர்ந்தார். செல்லையன் ஒருமுறைகூட நிமிரவில்லை. “ஏனுங்க, நாயாட்டம் வர்றவங்க கையெல்லாம் மோந்துட்டு இருக்கறீங்க?” என்றாள் மனைவி பூவாத்தாள். கூடமே சிரித்தது. நாய்ப் புத்தியாக இருந்தால் தேவலை என்று தணிகாசலத்துக்குத் தோன்றியது. “எனக்கு எப்பவுமே இது பழக்கந்தான்டா, செல்லையா,” என்றார் உரக்க. “எப்பவுமா? நான் பாத்ததே இல்லீங்களே,” என்றாள் அவள். சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு செல்லையன் வாசலுக்கு வந்தார். தணிகாசலம் கையை நீட்டினார். செல்லையன் இரண்டு கைகளையும் நெஞ்சருகே கூப்பி, “வர்றனுங்க,” என்றார்.