நல்ல கேஸ்

இளம் டாக்டர் ஒருவர் உள்ளே வந்தார். டார்ச்சை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவர் தடுமாற, என் மகள் தானாகவே வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக் காட்டினாள்.

அடுத்து என்ன கேட்பார்கள் என்பது அவளுக்கு மனப்பாடம். டார்ச்சைப் பார், பொம்மையைப் பார், மேலே பார், கீழே பார். ஆறு வயதிலேயே கண் டாக்டர் பரீட்சை அவளுக்கு அத்துப்படி.

பரீட்சை அவளுக்கு இல்லை, கண் மருத்துவம் படிப்பவர்களுக்கு. அவர்கள் சோதித்துச் சொல்ல நோயாளிகள் வேண்டுமே, அதற்காக எங்களைப் போன்றவர்களை வரவழைத்து ஆளுக்கொரு ஸ்டூலில் உட்கார வைப்பார்கள். காலையில் ஒரு நர்ஸ் வந்து இவள் சட்டையில் ஒரு நம்பரைக் குத்திவிட்டு, கையில் பிஸ்கட் பாக்கெட்டைத் திணித்துவிட்டுப் போனாள். உன் பெயர் என்ன பாப்பா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாயை மூடிக்கொண்டேன். ஆபரேஷன் தேதி பெரிய டாக்டர் கையில் இருந்தது.

அவர்தான் இந்த ஆஸ்பத்திரியில் கண் பிரிவுக்குத் தலைவர். இரண்டு வயதில் இவளை அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வந்தேன். ஒரு கண் மூக்குப் பக்கமாக ஓடியிருந்தது. கண்ணாடி போட்டோம். நல்ல கண்ணை ஒட்டி மறைத்து வைத்தோம். நேராகவில்லை. கண்ணை இழுக்கிற தசையைத் தளர்த்தித் தைத்தால் சரியாகிவிடும், சின்ன ஆபரேஷன்தான் என்றார்.

"பரீட்சை முடியட்டும்மா, பண்ணிடலாம்."

பரீட்சை முடிந்தது. ஆபரேஷன் தியேட்டரில் மராமத்து என்றார்கள். அது முடிந்தபோது மயக்க மருந்து டாக்டர் லீவு. அவர் வந்தபோது இவளுக்குச் சளி. சளி போவதற்குள் அடுத்த பரீட்சை வந்துவிட்டது. பெரிய டாக்டரே வீட்டுக்குப் போன் செய்து, வேறெங்கும் போய்விட வேண்டாம், நானே செய்கிறேன் என்றார். அவ்வளவு பெரிய மனிதர் நமக்குப் போன் செய்கிறாரே என்று என் வீட்டுக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கடுத்த வருஷமும் இதே கதைதான், காரணங்கள் மட்டும் வேறு.

இவள் கண்ணைச் சோதித்துத் தேறிப்போன டாக்டரம்மா ஒருவர் எங்கள் தெருமுனையிலேயே போர்டு மாட்டிவிட்டார். அவரிடம் போய் நின்றேன். சாரிடமே செய்துகொள்ளுங்கள், அவர் கை மாதிரி வராது என்று அனுப்பிவிட்டார்.

இதற்குள் என் மகள் தண்ணீரைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினாள். படியிறங்கும்போது காலால் துழாவினாள். பந்து முகத்தில் வந்து மோதிய பிறகுதான் கையை நீட்டுவாள், அதனால் பள்ளிக்கூடத்தில் யாரும் ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. ஆபரேஷன் ஆனதும் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளிடம் அடித்துச் சொல்லி வைத்திருந்தேன்.

பரீட்சை முழுக்க இங்கிலீஷில் நடக்கும். எனக்கு விளங்கியது 'சர்ஜரி' என்ற ஒரு வார்த்தைதான். வருகிற ஒவ்வொரு டாக்டரும் அதைச் சொல்வார்கள், பெரிய டாக்டரும் தலையாட்டுவார். கேட்கும்போதெல்லாம் வயிற்றில் பாலை வார்த்தது போல இருக்கும்.

இந்த வருஷம் அவர் பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெரிய டாக்டர் அவரிடம் இவள் கன்னத்தைத் தட்டிக் காட்டி, ரொம்ப நல்ல கேஸ் என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து நான் சிரித்து வேறு வைத்தேன்.

அந்த இளம் டாக்டர் கடகடவென்று ஒப்பிக்க ஆரம்பித்தார். வெளியூர்க்காரர் பாதியில் நிறுத்தினார்.

"எங்களுக்குச் சொன்னது போதும். இந்தம்மாவுக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

அந்த டாக்டர் என் பக்கம் திரும்பினார். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துப் பேசிய முதல் ஆள் அவர்தான். ஆபரேஷன் செய்தால் கண் நேராகிவிடும், பார்க்க நன்றாக இருக்கும் என்றார். ஆனால் இரண்டு கண்ணும் சேர்ந்து ஒன்றாகப் பார்க்கப் பழகுகிற வயது போய்விட்டது, ஆழமும் தூரமும் இனி இவளுக்குச் சரியாகப் பிடிபடுவது கஷ்டம், இரண்டு மூன்று வயதிலேயே செய்திருக்க வேண்டும் என்றார். நல்ல பிள்ளை. மெதுவாகத்தான் சொன்னார்.

 என் மகள் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தாள், யாரும் பார்க்கச் சொல்லாமலே.

அப்புறம் ஏன் இவ்வளவு தாமதம் என்று வெளியூர்க்காரர் கேட்டார். என்னை அல்ல, அந்த டாக்டரை.

அவர் யோசிக்கவே இல்லை. "பெத்தவங்களோட அறியாமை சார்."

பெரிய டாக்டர் தலையைக்கூட நிமிர்த்தாமல் மார்க் போட்டார்.

அறியாமையாம். எனக்காம். இந்த வராண்டாவில் கால் கடுக்க நின்றவள் நான். நாளைக்கு வா, மறுநாள் வா என்றபோதெல்லாம் வேலைக்குப் போகாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள் நான். ஆனால் யோசித்துப் பார்த்தால், அறியாமைதான் போலிருக்கிறது. பரீட்சைக்கு இவ்வளவு நல்ல கேஸை யாராவது சரிசெய்து அனுப்பிவைப்பார்களா என்று எனக்கு ஒரு நாளாவது உறைத்திருக்க வேண்டாமா?

தேதி இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது என்பது நன்றாகத் தெரிந்தேதான் எழுந்து நின்றேன்.

"அந்தப் பதிலுக்கு மார்க் போடாதீங்க சார். அது தப்பு."

கூடத்தில் எல்லோரும் திரும்பினார்கள். இளம் டாக்டருக்கு முகம் வெளிறிவிட்டது. வெளியூர்க்காரர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அப்படியானால் சரியான பதில் என்னம்மா என்று கேட்டார்.

நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவரைக் கைகாட்டினேன்.