வேனை விட்டு இறங்காதவர்

விளாங்குடி நண்பர்களோடு மேகமலைக்கு வந்ததே தப்பு என்று ராமதாஸ் நினைத்தார். தேயிலைச் செடியைக் கண்டாலே கட்டிப்பிடித்துப் படமெடுக்கிற கூட்டம். இவர்களோடு அட்டைக்கடி வாங்கிக்கொண்டு நடக்க அவருக்கென்ன தலையெழுத்தா? "நீங்க போயிட்டு வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு வேனிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து எல்லோரும் திரும்பினார்கள். அழகுபாண்டி ஏறியதுமே அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, நீங்க மனசு மாறிப் பின்னாலேயே வந்தது நல்லதாப் போச்சு. இம்புட்டு நல்லாப் பாடுவீகளா?"

"யார்ரா பாடுனது? நான் வேனை விட்டே எறங்கலை."

வேனே சிரித்தது. பின்சீட்டிலிருந்த சோலை தன் போனில் வீடியோவைப் போட்டு நீட்டினான். ஏலக்காய்த் தோட்டத்து மேட்டில், முழங்கால்வரை சேறோடு, இப்போது போட்டிருக்கும் அதே கட்டம்போட்ட சட்டையில் ராமதாஸ் பாடிக்கொண்டிருந்தார். நடுவே அழகுபாண்டியின் குரல் கேட்டது.

"அண்ணே, கீழ நம்ம வேன்ல யாரு உக்காந்திருக்கா?"

பாட்டு நின்றது. வீடியோவில் இருந்தவர் சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு உதட்டைப் பிதுக்கினார்.

"எவனோ வெட்டிப்பய. நீ வா மாப்ள, போவோம்."