கயிற்றின் மேல்முனை

நான் வேலை பார்க்கிற காட்டேஜின் பெட்ஷீட்டைக் கல்லில் அடித்துத் துவைத்துக்கொண்டிருந்தேன். துவைத்தது கைதான். கண் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்ப்பாறையில் கிடந்தது.

என் வீட்டுக்காரர் அழகன் அங்கே தேன் எடுக்கப் போயிருந்தார். ஈயை விரட்டப் போடுகிற புகை நூல் மாதிரி தெரிந்தது. ஆள் தெரியவில்லை.

எங்கள் சனத்தில் பாறைத்தேனுக்கு இறங்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் மேலே இருந்து பிடிக்கணும். கைவிட்டால் தாலி அறுப்பது அவன் கூடப்பிறந்தவளாச்சே, அதனால் விடமாட்டான்.

என் அண்ணன் பழனிக்குமார் இந்த வருசம் வரமாட்டேன் என்றுவிட்டான். காரணம், என் மகளின் காது. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்தணும். இவரோ பெருமாள்மலைக்குப் போன இடத்தில், ஒரு கடையில் மிஷின் வைத்து டப்பென்று குத்திக்கொண்டு வந்துவிட்டார்.

"கடைக்காரன் மடிதான ஒசத்தி? அவனையே கயித்தப் பிடிக்கச் சொல்லு" என்று போனவன்தான் அண்ணன். அடுத்த வீடு. பேச்சில்லை.

இவருக்கும் ரோசம். "மரத்துல கட்டி எறங்கிக்கிறேன். மரம் கோவிச்சுக்கிடாது" என்று வெள்ளனே கிளம்பிவிட்டார்.

காட்டேஜில் சமைக்கிற வேலுத்தாய் அக்கா காய் நறுக்கிக்கொண்டே சொன்னார்: "ஒரு மடிக்காகத் தங்கச்சி தாலியப் பணயம் வக்கிறவன், அவனெல்லாம் ஒரு அண்ணனாத்தா?"

எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அங்கே தங்கியிருந்த சண்முகப்பிரியா மேடம் காலையிலிருந்து கேமராவும் கையுமாகத் திரிந்தார். சோப்புப்பெட்டி அளவுதான் இருக்கும். டீ டம்ளர், செருப்பு, மூடுபனி, என் மகளின் ஒழுகுகிற மூக்கு, எதையும் விடவில்லை.

திடீரென்று எதிர்ப்பாறையில் புகை நின்றுபோனது.

புது ஆட்களிடம் பேச எனக்கு நாக்கு எழாது. அன்றைக்கு ஈரக் கையோடு போய் மேடம் முன்னால் நின்றுவிட்டேன். பாறையைக் காட்டினேன்.

"எங்க வீட்டுக்காரரு... கூட யாரும் வரல..."

மேடம் கேமராவைச் சுவரில் ஊன்றி ஏதோ பொத்தானைத் தள்ளினார். ஆமை கழுத்தை நீட்டுவதுபோல அதன் மூக்கு நீண்டது. பின்பக்கத் திரையில் அந்தப் பாறை எங்களைப் பார்த்து ஓடி வந்தது. பாறையின் வெடிப்பு தெரிந்தது. வெடிப்பில் முளைத்த புல் தெரிந்தது. பிறகு ஒரு பச்சை லுங்கி.

அவர்தான். வெட்டுக்கிளி போலத் தொங்கிக்கொண்டு, கூடைக்குள் தேனடையை வைத்துக்கொண்டிருந்தார்.

பள்ளம் இறங்கி ஏறினால் ரெண்டு மணி நேரம் நடக்கிற தூரம். அதை அந்தச் சின்னப் பெட்டி என் மூச்சுப் படுகிற இடத்துக்குக் கொண்டுவந்து வைத்திருந்தது. தொட்டால் விழுந்துவிடுவாரோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

மேடம் கேமராவைக் கயிறு போன வழியே மெல்ல மேலே நகர்த்தினார். உச்சியில் மரம்.

"கூட யாரும் வரலன்னீங்க? மரத்துக்குப் பின்னாடி ஒருத்தர் இருக்காரே."

படம் எடுத்து, அதைப் பெரிதாக்கிக் காட்டினார்.

வேரில் ரெண்டு காலையும் முட்டுக்கொடுத்து, இடுப்பில் கயிற்றைச் சுற்றி, கீழே இருப்பவருக்குத் தெரியாமல் ஒருத்தன் உட்கார்ந்திருந்தான். தலையில் மஞ்சள் குல்லா. போன குளிருக்கு நான் வாங்கிக் கொடுத்தது.

அண்ணன்.

சாமி பார்த்தவள்போல நின்றேன். பிறகுதான் வாய் வந்தது. அந்தப் படத்தை யாருக்கும் காட்ட வேண்டாம், அண்ணனுக்கு ரோசம் அதிகம் என்று மேடத்திடம் கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

சாயங்காலம் கூடை நிறையத் தேனோடு இவர் வந்தார். மச்சான் இல்லாமலே இறங்கி ஏறிவிட்டேன் என்று அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பெருமை பேசினார்.

நான் முதல் அடையை எடுத்து இலையில் கட்டினேன். அது கயிறு பிடித்தவன் பங்கு.

"யாருக்கு அது?"

"மரத்துக்கு."

சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். இவர் எழுந்து போய்த் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்து இலைப் பக்கத்தில் வைத்தார்.

"பாதியில எனக்குக் கால் வழுக்கிருச்சு. மரம் இழுத்துப் பிடிச்சிச்சு. பாவம், உள்ளங்கை உரிஞ்சிருக்கும். இதையும் சேத்துக் குடு."

"அப்ப ஒங்களுக்கும்..."

"ஏத்தா" என்று வேலிக்கு அந்தப் பக்கம் அண்ணன் குரல். "மருமக முழிச்சிருக்காளா?"

நான் மகளை இடுப்பில் தூக்கி, அடையையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டிப் போய், அவளை அண்ணன் மடியில் உட்காரவைத்தேன்.