கீழ் வயல் வரிசை

“இந்தப் போகம் களை எடுக்க ஆள் வேணாம். மிஷின் வந்திருக்கு.”

தாஸிம் சொன்னதைக் கேட்டும் பெரியாயி நகரவில்லை. அவள் பின்னால் நின்ற ஐந்து பெண்களும் நகரவில்லை.

அது எழுபத்து நாலாம் வருஷம். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலைக்குப் பேர் போட்டார்கள். மற்ற நாட்களில் லயத்து வீடுகளில் அடுப்பு எரிந்தது தாஸிமின் ஒன்றரை ஏக்கர் வயலை நம்பித்தான். நாற்று நட்டால் கூலி நெல், களை பிடுங்கினால் கூலி நெல். இப்போது அந்தச் சோற்றில் மண் அள்ளிப் போட ஒரு மிஷின் வந்து வரப்பில் நிற்கிறது! இரும்புப் பல் வைத்த உருளை, தள்ளுவதற்கு ஒரு நீளப் பிடி. ஆறு பெண்களின் வேலையை அது ஒன்றே செய்துவிடுமாம்.

பெரியாயிக்கு வயிறு எரிந்தது. அந்த மிஷின் ஓட வழி செய்து கொடுத்ததே இந்த ஆறு பேரும்தான். எப்போதும் கைபோன போக்கில் நடுகிறவர்களை இந்த முறை கயிறு கட்டி வரிசையாக நடச் சொன்னான் தாஸிம். எதற்கென்று கேட்காமல் நட்டுத் தொலைத்தார்கள்.

மேல் வயலுக்குத் தாஸிமே கயிறு பிடித்தான்; மறுநுனிக்குக் குச்சி குத்தியது அவன் பெண்சாதி நளீரா. கீழ் வயல் நட்ட அன்று அவன் மிஷின் எடுக்கப் பதுளைக்குப் போய்விட்டான். அதனால் கயிற்றின் ஒரு நுனியைக் குச்சியில் கட்டிவிட்டு, மறுநுனியை நளீராவே பிடித்தாள். நாள் முழுக்க வரப்பில் நின்று விரட்டினாள்.

“கயித்தைப் பாத்து நடுங்க! கயிறு போற வழிதான் நாத்து போகணும்!”

நிமிர்ந்து முதுகை நீட்டக்கூட விடவில்லை. கல் நெஞ்சுக்காரி என்று பெரியாயி அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

“மொதலாளி, நட்டது நாங்க. களையும் நாங்கதான் எடுப்போம்.” பெரியாயி வரப்பில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

“உக்காந்து பாத்துட்டுப் போங்க,” என்று தாஸிம் மேல் வயலில் இறங்கினான்.

வரிசைகளுக்கு நடுவே மிஷின் சரசரவென்று ஓடியது. மத்தியானத்துக்குள் மேல் வயல் முடிந்துவிட்டது.

“வா அக்கா, போயிருவோம்,” என்று கருப்பம்மா மூக்கை உறிஞ்சினாள்.

“உக்காருடி!”

கீழ் வயலில் பத்தடி போனதும் மிஷின் நாற்றைப் பிடுங்கியது. பக்கத்து வரிசையில் வைத்துப் பார்த்தான். அங்கேயும் பிடுங்கியது. வரிசைகள் நெளிந்து கிடந்தன. ஓரிடத்தில் ஒரு சாண் இடைவெளி, அடுத்த இடத்தில் நாலு விரல்.

“வேணும்னே கோணலா நட்டீங்களா?” என்று கத்தினான் தாஸிம்.

பெரியாயி எழுந்து நின்றாள். “கயிறு போன வழிதான் நாத்து போயிருக்கு. கயிறு புடிச்சவங்களைக் கேளுங்க!”

தேத்தண்ணியோடு வந்த நளீரா பக்கம் தாஸிம் திரும்பினான்.

“தொய்ய விட்டிருப்பேன்,” என்றாள் அவள். “எனக்கென்ன கயிறு புடிச்சுப் பழக்கமா?”

“ஒரு கயித்தை இழுத்துப் புடிக்கத் தெரியாதா? மடச்சி!”

ஆறு பெண்கள் முன்னால் விழுந்த ஏச்சு. நல்லா வேணும் என்று பெரியாயிக்கு மனசு குளிர்ந்தது.

“ஏசினது போதும். களை மண்டுறதுக்குள்ள இவங்களை இறக்குங்க,” என்றாள் நளீரா.

வேறு வழியில்லை. தாஸிம் தலையை ஆட்டிவிட்டு மிஷினைத் தூக்கிக்கொண்டு போனான். பெரியாயி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஜெயித்த மிதப்பில் வயலில் இறங்கினாள்.

நளீரா குனிந்து அவளிடம் ஒரு கோப்பையை நீட்டினாள்.

“அடுத்த போகம் கயித்தை என் கையில குடுக்க மாட்டாரு, பெரியாயி. குடுக்காட்டி என்ன? மறுநுனியில குச்சி குத்துறது நான்தானே!”